தலை வழுக்கிய ஸ்க்ரூ: பழைய கார் வேலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வாசலிலோ சின்னப் பட்டறையிலோ பழைய காரில் கை வைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மாருதி 800, 1998 முதல் 2003 வரை வந்த முதல் ஹோண்டா சிட்டி, அம்பாசடர் ஆகிய வண்டிகளிலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஸ்க்ரூக்களைக் கெடுப்பது துரு அல்ல. முதல் தடவை வழுக்கிய பிறகும் அதே திருப்புளியை வைத்து இன்னும் நாலு தடவை திருகிப் பார்ப்பதுதான் கெடுக்கிறது. ஒரு தடவை வழுக்கினால் கையை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஸ்க்ரூவை இன்னும் சுலபமாகக் காப்பாற்றலாம்.

தலை வழுக்குவதும் மரை போவதும் ஒன்றா?

இல்லை. திருப்புளி பிடிக்கும் பள்ளம் தேய்ந்து, ஸ்க்ரூ அசையாமல் நின்றால் தலை போய்விட்டது. ஸ்க்ரூ சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் மரை போய்விட்டது. முதல் வகையில் உங்களுக்குப் பிடி வேண்டும். இரண்டாவது வகையில் பிடி ஏற்கனவே இருக்கிறது. தலைக்கு அடியில் மெல்லிய உளியையோ தட்டைத் திருப்புளியையோ கொடுத்து நெம்பிக்கொண்டே இடப்பக்கம் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். இந்தப் பக்கம் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

நல்ல ஸ்டார் திருப்புளிதான் வைத்திருக்கிறேன். அப்படியும் ஏன் வழுக்குகிறது?

நம் ஊரில் நாலு மூலைப் பள்ளம் உள்ள எல்லா ஸ்க்ரூவையும் ‘ஸ்டார்’ என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். அதில் குறைந்தது மூன்று வடிவங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1930களில் வந்தது பிலிப்ஸ். இங்கிலாந்து, ஐரோப்பியப் பொருள்களில் வருவது போசிடிரைவ். ஜப்பானியத் தரப்படி செய்ததை ஜே.ஐ.எஸ். என்பார்கள். மாருதி 800-உம் பழைய ஹோண்டா சிட்டியும் ஜப்பானிய வடிவமைப்பு. கம்பெனியில் பூட்டிய ஸ்க்ரூ இன்னும் மாறாமல் இருந்தால் அது ஜே.ஐ.எஸ். பள்ளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தலையில் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருந்தால் அதுதான் அடையாளம்.

பிலிப்ஸ் திருப்புளியின் முனையில் பட்டைகள் சேரும் மூலைகள் கொஞ்சம் உருண்டிருக்கும். ஜே.ஐ.எஸ். பள்ளத்தில் அந்த மூலைகள் இடித்துக்கொள்வதால் முனை அடிவரை உட்காராது. வைத்துவிட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடும். அந்த நிலையில் அழுத்தித் திருகினால் பள்ளத்தின் மேல் விளிம்பு மட்டுமே பாரம் தாங்கி மழுங்கிவிடும்.

அடுத்தது அளவு. வீட்டில் இருக்கும் ஸ்டார் திருப்புளி பெரும்பாலும் 2-ஆம் நம்பர். அது எம்4, எம்5 (அதாவது 4, 5 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூவுக்குச் சரி. எம்6, எம்8 ஸ்க்ரூவுக்கு 3-ஆம் நம்பர் வேண்டும். பிரேக் டிஸ்க் ஸ்க்ரூவும், கதவு லாக் மாட்டும் தூணில் உள்ள பெரிய ஸ்டார் ஸ்க்ரூவும் இந்த ரகம். இவற்றில் 2-ஆம் நம்பரை விட்டுத் திருகியே பலர் தலையை இழக்கிறார்கள்.

வெஸ்ஸல் போன்ற ஜப்பானிய கம்பெனிகளின் திருப்புளி இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. பழைய மாருதி, ஹோண்டா வைத்திருப்பவர் 2-ஆம் நம்பரில் ஒன்றும் 3-ஆம் நம்பரில் ஒன்றும் வாங்கி வைத்தால் இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளுக்கு வேலையே இருக்காது. அது கைக்குக் கிடைக்காதபோது, சாதாரண ஸ்டார் திருப்புளியின் கூர்முனையைக் கல்லில் ஒரு நூலளவு தேய்த்து மட்டமாக்கினால் முன்பைவிட ஆழமாக உட்காரும்.

ஏற்கனவே வழுக்கிவிட்டது. முதலில் என்ன செய்வது?

தலை வெளியே துருத்தி நிற்கிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். இனி செய்யப்போவதை முடிவு செய்வது இதுதான்.

துருத்தி நின்றால் பள்ளத்தை மறந்துவிடுங்கள். கவ்விய நிலையில் பூட்டிக்கொள்ளும் பிளேயரான வைஸ் கிரிப்பை இறுக்கமாக வைத்துத் தலையின் சுற்றுப்புறத்தைக் கவ்வி, இடப்பக்கம் திருப்புங்கள். சாதாரணக் கட்டிங் பிளேயர் இதற்குப் பற்றாது. கை தளர்ந்தால் பிடியும் தளரும். கவ்வ வழியில்லை என்றால் தலையின் குறுக்கே ஆக்ஸா பிளேடால் ஒரு காடி வெட்டி, அந்தக் காடியை முழுதாக நிரப்பும் அகலமுள்ள தட்டைத் திருப்புளியைப் போடலாம்.

புதைந்திருந்தால் பள்ளத்தைத்தான் காப்பாற்ற வேண்டும். அதற்குள் துருவும் மண்ணும் கல்லாக இறுகிக் கிடக்கும். கோணி ஊசியால் நாலு மூலையையும் அடிவரை சுரண்டி எடுங்கள். பிறகு சரியான நம்பர் பிட்டை (கழற்றி மாட்டும் திருப்புளி முனை) வைத்து, அதன் தலையில் சுத்தியலால் நேராக நாலு அடி. மழுங்கிய விளிம்பு திரும்பவும் பிட்டோடு ஒட்டி அமரும்; அந்த அதிர்ச்சியில் மரைக்குள் பிடித்த துருவும் விரிசல் விடும். இதற்குப் பிறகு திருகினால் வந்துவிடும் ஸ்க்ரூக்கள் நிறைய.

பழைய ஹோண்டா சிட்டியில் முன் டிஸ்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் வரவே மாட்டேன் என்கிறது. எப்படி எடுப்பது?

இந்த வேலையில் அதிகம் பேரை அழவைக்கும் ஸ்க்ரூ இதுதான். எம்6 அளவு, தலை கூம்பாகப் புதைந்திருக்கும். வெப்பம், மழைத்தண்ணீர், பிரேக் தூசு மூன்றும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து அதை டிஸ்கோடு ஒட்டிவிடும்.

டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகமான காலிப்பரைக் கழற்றுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டால் டிஸ்க் சுற்றாது. வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது. ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சுத்தியல் அடிக்கும் வேலையில் வண்டி குலுங்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

பள்ளத்தைச் சுரண்டி முடித்ததும் கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரை எடுங்கள். அடியை முறுக்காக மாற்றும் இரும்புக் கருவி அது; ஹார்ட்வேர் கடைகளில் பிட்டோடு சேர்த்து விற்கிறார்கள். 3-ஆம் நம்பர் பிட்டை மாட்டி, திசையை இடப்பக்கத்துக்கு வைத்து, கருவியின் உடம்பை முன்கூட்டியே இடப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுமார் ஒரு கிலோ சுத்தியலால் தயங்காமல் அடியுங்கள். பயந்து பயந்து தட்டினால் பிட் துள்ளிப் பள்ளத்தைக் கெடுக்கும். அடி விழும் அதே கணத்தில் பிட் பள்ளத்துக்குள் அழுந்துவதும் திரும்புவதும் ஒன்றாக நடப்பதால் வழுக்க இடமில்லை. ஸ்க்ரூ அசைந்ததைக் கையிலேயே உணரலாம். பிறகு சாதாரணத் திருப்புளி போதும்.

எட்டுப் பத்து நல்ல அடிக்கும் அசையவில்லை, பள்ளமும் வட்டமாகிவிட்டது என்றால் தலையைத் துளைத்து எடுத்துவிடுவதே மேல். பள்ளத்தின் நடுவே 3 மி.மீ. டிரில் பிட்டால் வழி செய்து, 8 மி.மீ. பிட்டை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். தலையின் ஆழம் முடிந்ததும் அது வளையமாகக் கழன்று பிட்டிலேயே ஏறிக்கொள்ளும். அங்கேயே நிறுத்துங்கள்.

இப்போது காலிப்பரை எடுக்கலாம். டிஸ்க், சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்போடு ஒட்டியிருந்தால் அதன் நடுப்பகுதியில் இரண்டு மரைத் துளைகள் காலியாக இருப்பதைப் பாருங்கள். மரை இடைவெளி 1.25 மி.மீ. உள்ள எம்8 போல்ட் இரண்டை அவற்றில் விட்டு, கால் சுற்று இது, கால் சுற்று அது என்று மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளப்படும். டிஸ்க் போனதும் ஸ்க்ரூவின் மிச்சத் துண்டு ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்துப் பிடித்திருந்த தலை போய்விட்டதால் இறுக்கமும் போயிருக்கும். வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பினால் போதும். சில நேரம் விரலுக்கே வந்துவிடும்.

அந்த ஸ்க்ரூவைத் திரும்பப் போடாமல் விடலாமா?

டிஸ்கை இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள்தான். ஸ்க்ரூ இல்லாமல் வண்டி ஓடும், பிரேக்கும் பிடிக்கும். ஆனாலும் போட்டுவிடுங்கள் என்பேன். வீலைக் கழற்றும்போது டிஸ்க் சாய்ந்தால் இடுக்கில் துருத் துகள் விழும். அதன் மேல் வீலை இறுக்கினால் டிஸ்க் கோணி, பிரேக் மிதிக்கும்போது அதிரும்.

ரப்பர் பேண்டை வைத்துத் திருகினால் வருமா?

டேஷ்போர்டு, கதவு உள்பலகை போன்ற இடங்களில் பிளாஸ்டிக்கில் பூட்டிய சின்ன ஸ்க்ரூவுக்கு வரும். சைக்கிள் டியூப் துண்டு இன்னும் நல்லது. துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு இது உதவாது. அதற்கு வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டைத் திருப்புளி முனையில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். அந்தச் சொரசொரப்பு உலோகத்தை உலோகத்தோடு கவ்வ வைக்கும். இன்ஜின் வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் அந்த டப்பா இருக்கும்.

டபிள்யூடி-40 அடித்தால் போதாதா? டீசல், மண்ணெண்ணெய்?

டபிள்யூடி-40 முதலில் 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. துருவுக்குள் ஊறவும் செய்யும். ஆனால் இறுகிப்போன மரைக்கென்றே விற்கும் ஸ்ப்ரேக்கள் அதைவிட நன்றாக வேலை செய்யும். டீசலும் மண்ணெண்ணெயும் பட்டறைகளில் காலங்காலமாகப் பயன்படுபவை, மெதுவாக ஊறும். ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கான எண்ணெயும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சரிபாதி கலந்து சொட்டுவிடும் பழக்கமும் உண்டு. நன்றாக இறங்கும், ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். எதை அடித்தாலும் ஒரு இரவு விடுங்கள். இடையிடையே தலையில் தட்டுங்கள். அந்த அதிர்வு எண்ணெய் இறங்க உதவும்.

கூம்புத் தலை ஸ்க்ரூவில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கூம்பே அடைப்பாக இருந்து முன்பக்கத்திலிருந்து எண்ணெயை மரைக்குப் போகவிடாது. பின்பக்கம் துளை திறந்திருந்தால் அங்கிருந்து விடுங்கள். பிரேக் பக்கத்தில் ஸ்ப்ரே வேண்டாம், சொட்டு சொட்டாக விடுங்கள். பிரேக் பேடில் எண்ணெய் பட்டால் அந்தப் பேடை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சூடு காட்டலாமா?

அலுமினியத்துக்குள் இரும்பு ஸ்க்ரூ மாட்டியிருந்தால் சூடுதான் நல்ல மருந்து. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். துளை பெரிதாகிப் பிடி தளரும். ஹீட் கன் போதும். மெழுகுவர்த்தியைச் சூடான மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். அதுவும் நல்ல வழி.

சுற்றிலும் பிளாஸ்டிக் இருந்தால் சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். சூடு ஸ்க்ரூவுக்குள் மட்டும் இறங்கும். மரையில் பசை போட்டு இறுக்கியிருந்தாலும் இது உதவும். நீலநிறப் பசை கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்புக்கு 250 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும், சால்டரிங் அயர்ன் அதற்குப் பற்றாமல் போகலாம்.

பெட்ரோல் டியூப், கார்புரேட்டர், டேங்க், பிரேக் ஹோஸ் பக்கத்தில் சூடு கூடவே கூடாது. பிரேக் கிளீனர் அடித்த இடத்தையும் சூடாக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் சூடுபட்டால் நச்சு வாயுவாக மாறும்.

மாருதி 800 கார்புரேட்டர் மேல்மூடி ஸ்க்ரூ வழுக்கிவிட்டது. இம்பாக்ட் டிரைவர் போடலாமா?

கூடாது. கார்புரேட்டர் உடல் மெல்லிய வார்ப்பு, அடித்தால் விரிசல் விடும். நல்ல வேளையாக அதன் ஸ்க்ரூ தலைகள் வெளியே நிற்கும். முனை குறுகிய சின்ன வைஸ் கிரிப் போதும். காற்று போகும் வாயை முதலில் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு இரும்புத் துகள் உள்ளே போனாலும் தொல்லை. துளைக்க வேண்டி வந்தால் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை முழுதாக வடித்து, காயவைத்து மேசையில் வைத்துச் செய்யுங்கள்.

ஸ்க்ரூ இல்லை, ஆறுமூலை போல்ட் உருண்டையாகிவிட்டது. அதற்கு?

பழைய மாருதியில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஜப்பானிய அளவில் எம்6 போல்ட்டுக்கு 10, எம்8-க்கு 12, எம்10-க்கு 14 நம்பர் ஸ்பேனர். பழைய போல்ட் தொலைந்து ஹார்ட்வேர் கடையில் வாங்கிப் போட்டிருந்தால் எம்8-க்குத் தலை 13, எம்10-க்கு 16 அல்லது 17. மாருதி வேலைக்கு 10, 12, 14, 17 மட்டும் கையில் வைத்திருப்பவர் 13 தலையில் 14-ஐப் போட்டுத் திருகுவார், மூலை போய்விடும். வண்டியில் 13 தலை போல்ட்டைப் பார்த்தால், முன்பே யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எடுப்பதற்கு, உள்ளே ஆறு மூலை மட்டும் உள்ள சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்; பன்னிரண்டு மூலை வேண்டாம். ஒரு அளவு சிறியதைச் சுத்தியலால் தட்டி இறக்கலாம். 13 போல்ட் உருண்டிருந்தால் அரை அங்குலச் சாக்கெட் 12.7 மி.மீ., அதன்மேல் இறுக்கமாக ஏறும்.

அம்பாசடரில் எந்த ஸ்க்ரூ போட்டாலும் மரை சேரவில்லையே?

அம்பாசடர் இங்கிலாந்தின் மொரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது. பழைய வண்டியின் மரை பெரும்பாலும் அங்குலக் கணக்கு. யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் மொரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களுக்கும் இது பொருந்தும். கால் அங்குல நுண்மரை ஸ்க்ரூவின் தடிமன் 6.35 மி.மீ., அங்குலத்துக்கு 28 மரை. எம்6 ஸ்க்ரூ 6 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. அம்பாசடர் துளையில் எம்6 உள்ளே போகும், இறுகியதுபோலவும் தோன்றும், ஆனால் மரையின் நுனியில் மட்டுமே தொங்கும். மூன்றாம் முறை கழற்றும்போது மரை தூளாகிவிடும். பழைய ஸ்க்ரூவைக் கையில் எடுத்துப்போய், அதோடு ஒட்டிவைத்து மரைகள் ஒன்றில் ஒன்று பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

இந்த வண்டிகளில் ஒற்றைக் காடி ஸ்க்ரூ நிறைய. தலை கெட்டால் தலையின் ஓரத்தில் உளியால் ஒரு வெட்டு வைத்து, உளியைச் சாய்த்து இடப்பக்கம் சுற்றும்படி தட்டுவது பழைய, நம்பகமான முறை.

ஈஸி அவுட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கடைசியில்தான் எடுக்க வேண்டும். இடப்பக்கம் சுழலும் மரை கொண்ட கூம்பு அது; துளைபோட்டு இறக்கித் திருப்பினால் ஸ்க்ரூவைக் கவ்வி வெளியே கொண்டுவரும். தலை ஒடிந்தும் ஸ்க்ரூ இறுக்கமில்லாமல் இருந்தால் அருமையாக வேலை செய்யும். துருப்பிடித்து இறுகியதால் தலை ஒடிந்திருந்தால், அந்த ஸ்க்ரூவையே ஒடித்த முறுக்கை அதைவிட மெல்லிய ஈஸி அவுட் எப்படித் தாங்கும்? எம்6-உம் அதற்குக் கீழும் என்றால் மிகவும் யோசித்துச் செய்யுங்கள். திருகும்போது ஸ்பிரிங் போல வளைந்து கொடுப்பது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, இடப்பக்கம் சுழன்று துளைக்கும் டிரில் பிட். துளைக்கும் திசையே கழற்றும் திசை என்பதால் பாதி வழியிலேயே ஸ்க்ரூ கவ்விக்கொண்டு வெளியே வந்துவிடுவது உண்டு. இன்னொன்று, ஒடிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் வைப்பது. பிடியும் கிடைக்கும், சூடும் கிடைக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற மறக்காதீர்கள்.

ஈஸி அவுட் உள்ளேயே ஒடிந்துவிட்டது. இப்போது?

சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது, கடினமான எஃகு. மேலே தெரிந்தால் கூர் உளியால் தட்டிச் சில்லுச் சில்லாக உடைக்கப் பார்க்கலாம். இல்லையென்றால் பாகத்தைக் கழற்றி, தீப்பொறியால் உலோகத்தை அரிக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்கு எடுத்துப் போங்கள். அச்சு செய்யும் பட்டறைகளில் இந்த இயந்திரம் இருக்கும். இன்ஜின் ஹெட் போன்ற பாகமானால் இந்த நிலைக்கு வருவதற்கு முன்பே கொடுத்துவிடுவது செலவைக் குறைக்கும்.

ஸ்க்ரூ வந்துவிட்டது, மரை கெட்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

லேசாகக் கெட்டிருந்தால் அதே அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு டேப் போட்டால் மரை சுத்தமாக விழும். முழுதாகப் போயிருந்தால் சுற்றிலும் போதுமான உலோகச் சதை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எம்6 துளையை 6.8 மி.மீ.க்குத் துளைத்து எம்8 ஆக்கலாம். அதே அளவு வேண்டுமென்றால் 6.3 மி.மீ. துளைத்து ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை இறக்கலாம். அலுமினியத்தில் அது பழைய மரையைவிட உறுதியாக நிற்கும்.

புது ஸ்க்ரூ போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கெட்ட ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீர்கள். ஆறுமூலைப் பள்ளம் உள்ள ஆலன் தலைக்கு மாற்றினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எம்6 கூம்புத் தலையில் ஆலன் பள்ளம் 4 மி.மீ. மட்டுமே, அது ஸ்டாரைவிடச் சீக்கிரம் உருண்டுபோகும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் வேண்டாம். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் சேர்ந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். துத்தநாகம் பூசிய ஸ்க்ரூவை வாங்கி, மரையிலும் கூம்பின் அடியிலும் காப்பர் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். ஹோண்டா டிஸ்க் ஸ்க்ரூவுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் 9.8 நியூட்டன் மீட்டர் மட்டுமே. திருப்புளியைக் கையால் நன்றாக இறுக்கினாலே போதும். இம்பாக்ட் டிரைவரைத் திசை மாற்றி அதையே இறுக்கவும் பயன்படுத்தாதீர்கள்.